ஒரே ஆல்பத்தில் அக்கார்டியனும் டிஸ்கோவும்

பல பாணிகளைக் கலக்கும் குழு முதல் ஆல்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தால் முதல் கோரிக்கை இதுவாகத்தான் இருக்கும்: "ஒவ்வொரு பாட்டும் வேற மாதிரி கேக்கணும்." நியாயமான ஆசைதான். அதற்காகப் பாட்டுக்குப் பாட்டு அறையையும் மைக்கையும் டிரம் செட்டையும் மாற்றினால், ஆள் ஆளுக்குப் பாடிய தொகுப்பு போலாகிவிடும்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ராக் குழு ஆர்கேட் ஃபயர் 2004-இல் கொண்டுவந்த 'ஃபியூனரல்' இதற்கு நல்ல பாடம். அக்கார்டியன், வயலின், சைலோஃபோன், ராக் கிட்டார், நடுநடுவே குழுவின் பாடகி ரெஜீன் ஷசான்யின் பிரெஞ்சு என்று எல்லாம் உண்டு. பெரும்பகுதி ஹோட்டல்2டேங்கோ என்ற ஒரே ஸ்டுடியோவில் பதிவானது. அதன் பங்குதாரர் ஹோவர்ட் பிலர்மன்தான் டிரம்ஸும் வாசித்தார். இத்தனையும் ஒட்டி நிற்பதற்கு அந்த அறைக்குப் பெரிய பங்குண்டு என்பது என் கணிப்பு.

இப்படிப்பட்ட ஆல்பத்தில் கைவைக்கக் கடினமானவை வேகம் மாறும் இடங்கள். 'கிரௌன் ஆஃப் லவ்' மெதுவாக நகர்ந்து முடிவில் டிஸ்கோவாகிறது. 'வேக் அப்' கடைசியில் மோட்டவுன் (அறுபதுகளின் அமெரிக்க சோல் இசை) துள்ளலுக்குத் தாவுகிறது. இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக எடுப்பதானால், இரண்டாவதை எடுக்கும்போது முதல் பகுதியின் கடைசி நான்கு பாரையும் (தாளச் சுற்றையும்) சேர்த்தே வாசிக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சிம்பலின் ரீங்காரம் ஒட்டிய இடத்தைத் தாண்டி வரும். வெட்டு, கிக் டிரம் அடி விழுவதற்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பலர் டிலேயை (எதிரொலி எஃபெக்டை) மறந்துவிடுவார்கள். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) ஒரு அடியான கால் நோட் 500 மில்லிசெகண்ட், 150-இல் 400. பழைய அளவிலேயே விட்டால் புதிய தாளத்தோடு முட்டும். பாட்டு ஓடும்போதே மாற்றினால் பல டிலேக்களில் சுருதி வழுக்கும். இரண்டு டிலே வைத்து ஒன்றை மூடி மற்றதைத் திறப்பதே சுத்தமான வழி.

அக்கார்டியனுக்கு ரீடுகளின் (ஒலி எழுப்பும் உலோக நாக்குகளின்) சுருதியை ஸ்டுடியோவில் உட்கார்ந்து திருத்த முடியாது. பல பெட்டிகள் 440-க்குப் பதில் 442 ஹெர்ட்ஸில் இருக்கும். வித்தியாசம் கிட்டத்தட்ட 8 சென்ட் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). முதலில் அதை ட்யூனரில் பார்த்துவிட்டு, கிட்டாரையும் சிந்தசைசரையும் அதற்கு இழுங்கள். மைக் 30 முதல் 40 செ.மீ தள்ளியே இருக்கட்டும். நெருங்கினால் துருத்திக் காற்றும் கட்டைகளின் டொக் டொக்கும்தான் பதிவாகும். பேஸ் கிட்டார் இருக்கிற பாட்டில் அக்கார்டியனின் இடது பக்க பேஸ் பொத்தான்களுக்குத் தனி மைக் வேண்டியதில்லை. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்.

எல்லோரும் கூடிப் பாடும் கோரஸுக்கு எல்லாத் திசையிலும் கேட்கும் ஒரே ஆம்னி மைக்கைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றால் போதும், கணீர்க் குரல்காரர் ஓரடி பின்னால். இரண்டு மூன்று டேக் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். சொல் முடிவில் வரும் 'ஸ்' ஒருவருக்கொருவர் முன்னே பின்னே விழுந்து பட்டாசுச் சரம் போல வெடிக்கும். ஒருவர் மட்டும் அதை உச்சரிக்க, மற்றவர்கள் விழுங்கிவிட வேண்டும்.

மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். 't', 'd' ஒலிகளுக்குப் பின் 'i', 'u' வந்தால் அவை 'ts', 'dz' என்று உடைந்து ஒலிக்கும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் அதைத் தூக்கிக் காட்டும். 'ஸ்' ஒலியை அடக்கும் டி-எஸ்ஸரை அழுத்திப் போட்டால் பாடுபவருக்கு நாக்குத் தடித்ததுபோல் ஆகிவிடும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் 10-15 டிகிரி திருப்பிவிட்டு, மிச்சத்தைக் கையால் 3 முதல் 6 டெசிபெல் இறக்குவது மெனக்கெட்ட வேலைதான், பலன் நன்றாக இருக்கும்.

இருமொழிக் குழுக்கள் முதல் சிங்கிளை (தனியாக வெளியிடும் பாட்டை) தேர்ந்தெடுக்கும்போது ரேடியோவையும் யோசிக்க வேண்டும். கனடாவின் பிரெஞ்சு வணிக வானொலிகளில் பாட்டுகளில் 65 சதவீதம் பிரெஞ்சாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. ஆங்கிலத்தில் ஓடும் பாட்டு மீதி இடத்துக்குத்தான் போட்டி போட முடியும்.

எல்பி (இசைத்தட்டு) போடுவதானால் நேரத்தைப் பார்க்கவும். 'ஃபியூனரல்' 48 நிமிடம், பக்கத்துக்குச் சுமார் 24. இருபதைத் தாண்டினாலே ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும். தட்டின் உட்பக்கம் நெருங்க நெருங்க உச்ச ஒலிகள் சிதையும். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ரெஜீன் உச்சத்தில் பாடி வயலின்களோடு பொங்குவது, சரியாக அங்கேதான் வந்து விழுகிறது. அப்படி முடியும் ஆல்பம் கையில் இருந்தால், எல்பிக்கென்று தனி மாஸ்டர் செய்து, அந்தப் பாட்டின் 'ஸ்' ஒலிகளை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, டெஸ்ட் பிரஸ்ஸிங் (சோதனைத் தட்டு) வந்ததும் அதை முதலில் போட்டுக் கேளுங்கள்.