நாலில் ஒன்று மட்டும் சூடு

“அறுபது வரைக்கும் போகலாம்ணே. மேனுவல்லயே போட்டிருக்கு.”

நான் சொன்னது இவ்வளவுதான். ஆறு வருஷமாகிவிட்டது. இதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்பதை மட்டும் இன்னும் சரியாக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. சாதாரணமாகச் சொன்னேனா, வாயை அடைக்கிற மாதிரி சொன்னேனா?

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் புது 400 டன் பிரஸ். டை என்கிற அச்சை ஏற்றாமல் வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்த இரண்டாவது நாள், மாலை ஆறரை மணி. மெஷினை நிறுத்தி, மேலும் கீழும் போய்வரும் ஸ்லைடுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைத்துவிட்டு, அதைத் தடம் விலகாமல் பிடித்திருக்கும் நான்கு மூலை கிப்களிலும் டெம்பரேச்சர் கன்னைக் காட்டிக் குறித்தேன்: 41, 42, 41, 53 டிகிரி. டை மாட்டும் செட்டர் அண்ணன் பின்பக்க வலது மூலையில் புறங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், நாலுல இது மட்டும் தனியா சூடா இருக்கு.”

அதற்குத்தான் அந்த அறுபது. அவர் “சரி சார்” என்றார், டீக்குப் போய்விட்டார்.

அவர் எச்சரித்தாரா, கண்ணில் பட்டதைச் சொன்னாரா? எச்சரிக்கை என்றால் “நிறுத்தலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷம் பிரஸ் ஷாப்பில் இருந்தவர், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவனான இன்ஜினியரிடம் அதற்கு மேல் எப்படிச் சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

புதுப் பிரஸ்ஸை ஏன் இப்படி ரன்-இன் என்று சும்மா ஓட்டுகிறோம்? கிப்பில் இருக்கும் வெண்கலத் தகடும் ஸ்லைடின் முகமும் மெஷினிங் முடிந்து வந்தபோது பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் உண்டு. குறைந்த வேகத்தில், எண்ணெய் நடுவில் நிற்க, அந்த மேடுகள் ஒன்றையொன்று மெல்லத் தேய்த்துச் சமன் செய்துகொள்ள வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி. அந்த நாட்களில் கிப் சூடாவது தப்பே இல்லை, சூடாகத்தான் செய்யும். என் பக்க நியாயம் இது. 53 என்பது 60 இல்லை. இன்றைக்கும் கணக்கு சரிதான்.

ஆனால் அண்ணன் அறுபதைப் பற்றிப் பேசவில்லை, மற்ற மூன்றைப் பற்றிப் பேசினார். ஒரே எண்ணெய், ஒரே வேகம், ஒரே ஸ்லைடு. அப்படியிருக்க ஒரு மூலை மட்டும் 12 டிகிரி ஏன் விலகி நிற்க வேண்டும்? இதை யோசிக்க டிப்ளமோகூடத் தேவையில்லை. என் கையில் எண் இருந்ததால் நான் யோசிக்கவில்லை.

அவசரமும் இருந்தது. மெஷினுக்கு அடியில் ஊற்றிய ஃபவுண்டேஷன் கிரவுட் கலவை காய்வதில் இரண்டு நாள் போய்விட்டது. ஐந்து நாள் ரன்-இன் மூன்று நாளாகச் சுருங்கியிருந்தது. டிஸ்பாட்ச் தேதியை யாரும் நகர்த்தவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், சாக்காக இருந்தாலும்.

இரவு இரண்டரைக்கு ஆப்பரேட்டர் பையனே நிறுத்திவிட்டான். ‘கிரீச்’சென்று ஒரு சத்தம் கேட்டதாம். நான் போய்ப் பார்த்தபோது அந்த மூலைக்குக் கீழே எண்ணெய் வடியும் தட்டில் பொன்னிறத் தூள், டார்ச் வெளிச்சத்தில் நகைப் பட்டறைத் தரை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. வெண்கலம். தகட்டைக் கழற்றினால் விரல் நகம் மாட்டுகிற ஆழத்துக்கு நீளக் கோடுகள்.

காரணம், எண்ணெய்க் குழாயின் ஒரு இணைப்பு லூசு. எண்ணெயைப் பங்கிடும் பிளாக்கில் ஒரு வழி அடைத்துக்கொண்டால் உள்ளே பிஸ்டன்கள் நின்றுவிடும், பேனலில் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் பிளாக்கைத் தாண்டிக் குழாய் கழன்றிருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. தன் பங்கை ஒழுங்காக அனுப்பிக்கொண்டேயிருக்கும். எண்ணெய் கிப்புக்குப் போகாமல் பிரஸ்ஸின் தூணுக்கு உட்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. பேனலில் எல்லாம் பச்சை. அந்த மூலையில் கிப்புக்கும் ஸ்லைடுக்கும் நடுவிலுள்ள இடைவெளியான கிளியரன்ஸும் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. முதலிலேயே அப்படியா, தேய்ந்து பிசிறியதால் அப்படியா என்று பிறகு பிரிக்க முடியவில்லை. அதனால் மாலையிலேயே நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பது சில நாள் ஆறுதலாக இருக்கிறது.

ரிப்போர்ட்டில் “லூப்ரிகேஷன் லைன் இணைப்பு லூஸ்” என்று எழுதினேன். உண்மை. மெஷின் கொடுத்தவர்கள் வாரன்டியில் புதுத் தகடு போட்டுக்கொடுத்தார்கள். மாலை ஆறரை மணிப் பேச்சை எழுதவில்லை. எழுதியிருந்தால் வாரன்டி சிக்கலாகியிருக்கும் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அண்ணனும் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முழுதாகப் படித்தார், பேனா கேட்டார், போட்டார்.

அதன் பிறகு நான் மாறினேன் என்று சொல்ல ஆசைதான். யார் கை வைத்து “சூடு” என்றாலும் நிறுத்துவேன். அப்படி ஒரு தடவை வேறொரு பிரஸ்ஸை முக்கால் ஷிஃப்ட் நிறுத்தி, கிப்பைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஷட்டர் திறந்திருந்து மத்தியான வெயில் நேராக அந்தத் தூணில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு நான் வாங்கிய திட்டு, வெண்கலத்தைத் தேய்த்த நாளில்கூட வாங்காதது.

போன வருஷம் இன்னொரு புதுப் பிரஸ் வந்தது. ரன்-இன் முதல் நாள், நான்கு மூலையையும் பார்க்கும் நேரம். அண்ணனைக் கூப்பிட்டேன். “அண்ணே, கொஞ்சம் கை வெச்சுப் பாருங்க.”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“கன்ல என்ன சார் காட்டுது?”