படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வது: கைப்பழக்கமும் மனநிறைவும்

படுக்கையோடு கிடக்கும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் "உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்று வருகிறவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். நள்ளிரவில் எழுந்து நனைந்த விரிப்பை மாற்றும்போது அந்தச் சொல் துணைக்கு வராது. எப்படிப் பிடித்தால் அவருக்கு வலிக்காது, எந்தப் பக்கம் சாய்த்தால் அவர் முகம் தெளியும் என்பதெல்லாம் கைக்குப் பிடிபட்டபின் அதே வேலையில் ஒரு நிறைவு வந்து சேர்கிறது. பிடிபடாதவரை எவ்வளவு அன்பு இருந்தாலும் பயமும் எரிச்சலும்தான் மிஞ்சும். அதனால் முதலில் வேலையைப் பற்றி.

பெரும் எதிரி படுக்கைப் புண். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, அங்கே ரத்த ஓட்டம் தடைபடுவதால் வருவது அது. இடுப்பின் பின்பக்கம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கை, பின்தலை ஆகிய இடங்கள் முதலில் கெடும். தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுக்க ஒருக்களித்துக் கிடத்தினால் பக்கவாட்டு எலும்பே பாரத்தைச் சுமக்கும். முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்து படுக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்.

புரட்டும்போதெல்லாம் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், நசுங்கிய சதை மேலும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் வேண்டாம். சுற்று விளிம்பு அழுத்தி உள்ளே ரத்தம் போகவிடாது. மேலே நகர்த்த வேண்டுமென்றால் அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும்; புண் அப்படியும் வரும். இடுப்புக்கு அடியில் குறுக்காக ஒரு துணி விரித்து, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

அடுத்தது சாப்பாடு. இங்கே அவசரம் உயிருக்கே ஆபத்து. கூடியவரை நேராக உட்காரவைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, சின்னக் கரண்டியில் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கியதைத் தொண்டை அசைவில் பார்த்தபிறகே அடுத்தது. பக்கவாதம் வந்தவருக்குக் கெட்டியானதைவிடத் தண்ணீரே அதிகம் புரையேறும். சாப்பிட்டபின் குரல் நீர் தளும்புவதுபோல் மாறினாலோ, அடிக்கடி இருமினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். முடித்ததும் படுக்கவைக்காமல் அரை மணி நேரமாவது உட்காரவையுங்கள். கன்னத்து ஓரம் உணவு ஒதுங்கிக் கிடக்கும், அதைத் துடைத்தெடுங்கள். ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவதால்தான் பல நிமோனியாக்கள் வருகின்றன.

சில சின்ன விஷயங்கள்: சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், சிறுநீர் சேரும் பை எப்போதும் அவருடைய இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். எழுந்து நிற்பதற்குமுன் கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காரட்டும். ரத்த அழுத்தம் சட்டென இறங்கி விழுகிறவர்கள் நிறைய.

இத்தனையும் செய்யும்போது ஒரு தவறு எளிதில் வந்துவிடும்: எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. முகம் துடைக்க ஒரு கை மிச்சமிருந்தால் துணியை அந்தக் கையில் கொடுங்கள். ஐந்து நிமிடம் ஆகட்டும். எந்தச் சட்டை, ஜன்னல் திறக்கவா, மூடவா என்று கேளுங்கள். 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஒரு பகுதியினரிடம் தங்கள் காரியங்களைத் தாங்களே முடிவுசெய்யச் சொல்லி, வளர்க்க ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது ஊழியர்கள். தாங்களே பராமரித்தவர்கள் அதிக உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். பார்த்துக்கொள்ளப்படுகிறவருக்கும் தான் பார்த்துக்கொள்ள ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது. ஒரு தொட்டிச் செடியோ, பேரனின் வீட்டுப்பாடத்தை ஒப்பிக்கக் கேட்பதோ, எதுவாகவும் இருக்கலாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் ஏற்பாடு செய்வதில்லை. "எப்போதாவது உதவிக்கு வாருங்கள்" என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். "சனிக்கிழமை மாலை 4 முதல் 7 வரை" என்று கேட்டால் வருவார்கள். வருகிறவருக்காக ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: கடைசியாக எந்தப் பக்கம் படுத்தார், எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை கொடுத்தாயிற்று, எந்தக் கரண்டி, வலித்தால் வாய்விட்டுச் சொல்வாரா, புருவத்தை மட்டும் சுருக்குவாரா, பயந்தால் எந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.