சாவா மூவாப் பேராடு

கோயில் தணிக்கைக்குப் போனால் நான் முதலில் புரட்டுவது எண்ணெய் வவுச்சரைத்தான். உண்டியல் வரவு, குத்தகை பாக்கி எல்லாம் அப்புறம். எண்ணெய் வாங்கிய தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே அந்தக் கோயில் எப்படி நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை வாங்கியிருந்தால் சரி. மாதத்துக்கு ஒரு லிட்டர் என்றால், ராத்திரி அங்கே எரிவது வாசலில் இருக்கும் டியூப் லைட் மட்டும்தான்.

இந்த வேலையில் 25 வருடம் ஓடிவிட்டது. என்ன உத்தியோகம் என்று தெரிந்ததும் கல்யாணப் பந்தியில்கூட யாராவது கேட்டுவிடுவார்கள்: கோயிலுக்கு இப்படிக் கொட்டுவது நியாயமா, அந்தப் பணத்தில் நாலு பள்ளிக்கூடம் கட்டலாமே? சேர்ந்த புதிதில் நானும் தலையாட்டினேன். இப்போது ஆட்டுவதில்லை. கோபுரத்துக்கு ஐந்து லட்சம் எழுதியவரிடம் போய், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து லட்சமும் வராது, ஒரு டம்ளர் மோரும் வராது.

தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஆரம்ப வருடங்களில் ஒரு திருப்பணிக் கணக்கில் மூட்டை மூட்டையாக வெல்லமும் கடுக்காயும் வாங்கியிருந்தார்கள். 'கட்டட வேலைக்கு வெல்லம் எதற்கு? விளக்கம் தேவை' என்று கெத்தாக ஒரு தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபம், எழுதினேன். ஸ்தபதி என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினார். கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறி நாறிக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சுண்ணாம்பை அரைக்க வேண்டுமாம். சிமென்ட் என்றால் செலவும் குறைவு, நாளும் குறைவு. ஆனால் பழைய செங்கல்லுக்குச் சுண்ணாம்புதான் ஒத்துப்போகும். அந்தத் தடையை நானே நீக்கினேன்.

என்னை உறுத்துவது வேறு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு சின்ன சிவன் கோயில், குடமுழுக்கு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முக்கால்வாசி உபயதாரர் பணி, அதாவது நன்கொடையாளர்களே நேரடியாகச் செய்து கொடுத்தது. கோயில் புத்தகத்தில் அதன் மதிப்பு மட்டும் ஒரு வரி இருந்தது: 1 கோடியே 40 லட்சம். ட்ரோன் வைத்துப் புனித நீர் தெளித்தார்களாம். கோபுரத்தில் எனாமல் பெயின்ட் பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது. பிராகாரத்தில் பழைய கல்தளத்தின் மேலேயே பாலிஷ் போட்ட கிரானைட் பதித்திருந்தார்கள். மத்தியான வெயிலில் கால் வைக்க முடியவில்லை. தளம் நாலு அங்குலம் உயர்ந்ததில், கருவறைச் சுவரின் அடியில் இருந்த கல்வெட்டில் கீழ் இரண்டு வரி தளத்துக்கு அடியில் போயிருந்தது. மிச்ச எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே புது உபயதாரர்களின் கருப்புக் கல் பலகை.

எண்ணெய் வவுச்சரைத் தேடினேன். மூன்று மாதமாக ஒன்றுகூட இல்லை. ஆனால் சன்னதியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"குருக்களே, எண்ணெய் யார் வாங்குறாங்க?"

"தட்டுல விழறதுல நானே வாங்கிடறேன் சார். ஆபீஸ்ல எழுதிக் கேட்டு, பாஸாகி வர்றதுக்குள்ள திரி கருகிடும்." செயல் அலுவலர் அந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒருவர்தான். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

"கும்பாபிஷேகத்துக்கு அவ்வளவு பேர் கொடுத்தாங்களே, யாராவது ஒருத்தர்கிட்ட கேட்கக்கூடாதா?"

"கேட்டேனே. எண்ணெய்க்குக் கொடுத்தா கல்லுல பேர் போடுவேளான்னார்."

தஞ்சைப் பெரிய கோயிலைவிட ஆடம்பரமாக யார் கட்டிவிட முடியும்? ஆனால் 1010இல் கட்டி முடித்த ராஜராஜன் கோயிலில் விளக்குக்கு என்ன ஏற்பாடு என்பதும் கல்லிலேயே இருக்கிறது. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு. ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எந்த இடையர் பொறுப்பு என்பதுகூடப் பெயரோடு வெட்டியிருக்கிறது. இப்படி விடும் ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு சாகும், கிழடாகும், ஆனால் குட்டிகள் இடத்தை நிரப்பி எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும். அசல் கரையாத டெபாசிட்டுக்கு இதைவிட நல்ல பெயரை நான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலசாலைக்கே, அதாவது மருத்துவமனைக்கே, நெல் ஒதுக்குகிறது. கோயிலா ஆஸ்பத்திரியா என்று அவர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கவில்லை.

இன்றைக்கு ஆட்டுக்குப் பதில் அரசின் 'ஒரு கால பூஜை' திட்டம் இருக்கிறது. வருமானம் இல்லாத கோயிலின் பெயரில் வைப்புநிதி போட்டு, வட்டியில் தினம் ஒரு வேளை பூஜை நடக்கும். ஒரு லட்சமாக இருந்ததை 2021இல் இரண்டு லட்சமாக்கினார்கள், அப்போது 12,959 கோயில்களுக்கு. அந்த இரண்டு லட்சத்துக்கு ஆறு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 33 ரூபாய் வந்தது. எண்ணெய், பூ, நைவேத்திய அரிசி எல்லாம் அதற்குள்தான். அந்த கிரானைட்டை விட்டுவிட்டு அந்தப் பணத்தை வங்கியில் போட்டிருந்தால் எத்தனை லிட்டர் என்று பஸ்ஸில் திரும்பும்போது பென்சிலால் கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன், வயிறு எரிந்தது.

அறிக்கையில், 'எண்ணெய்ச் செலவுக்கு வவுச்சர் இல்லை. விளக்கு எரிகிறது' என்று எழுதினேன். இரண்டாவது பாதியை மேலதிகாரி அடித்துவிட்டார்.

மறுவருடம் போனபோது குருக்கள் இல்லை. முடியாமல் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். என் தடைக்குப் பதில் தயாராக இருந்தது: 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது.' வவுச்சர்களும் ஒழுங்காக, வரிசை எண் போட்டு இருந்தன. மாதத்துக்கு ஒரு லிட்டர்.