பெல் முத்திரையும் பெரியப்பாவின் கத்தியும்

கேமராக்களை ஈரத்திலிருந்து காப்பதற்காகப் புகைப்படக்காரர்கள் வாங்கும் மின் உலர்பெட்டி ஒன்று சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதனுள் ஒரு கேமராகூட இல்லை. தொலைபேசிக் கம்பிகளை அமைத்துப் பழுதுபார்த்த டெலிபோன் லைன்மேன்கள் கையாண்ட குறடுகள், கேபிள் உறையைக் கீறும் கத்திகள், கம்பியை இழுத்து இறுக்கும் இடுக்கிகள், சோதனைத் தொலைபேசிகள் ஆகியவற்றை அதில் அடுக்கி வைத்திருக்கிறேன். பழைய கருவிகளைச் சேர்ப்பவர்கள் பலர் அவற்றைப் புதியவை போல் பளபளக்கச் செய்ய விரும்புகிறார்கள். நான் அதற்கு எதிரானவன்; அந்த நிலைப்பாட்டுக்கு ஒரு குறட்டைப் பறிகொடுத்த பிறகே வந்து சேர்ந்தேன்.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், தரையில் விரித்திருந்த தார்பாய் மேல் துருப்பிடித்த குறடு ஒன்றைக் கண்டு 12 வெள்ளிக்கு வாங்கினேன். அதன் தலைப்பகுதியில் 'பெல் சிஸ்டம்' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அமெரிக்காவின் பெரும்பகுதியில் தொலைபேசிச் சேவையைத் தன் கையில் வைத்திருந்த அந்த அமைப்பு 1984 ஜனவரி 1ஆம் தேதி பிரிக்கப்பட்டது. ஆகவே அந்த முத்திரை உள்ள கருவி அதற்கு முந்தையது என்பதை வேறு சான்று எதுவும் இல்லாமலேயே சொல்லிவிடலாம். இதையெல்லாம் அறியாத நான், துளைபோடும் இயந்திரத்தில் கம்பிச் சக்கரத்தை மாட்டி ஒரே மாலையில் குறட்டை வெள்ளிபோல் மின்ன வைத்தேன். துரு போனது, துருவோடு முத்திரையும் போனது. அந்தக் குறடு எந்த நாட்டிலிருந்து, எந்தக் காலத்திலிருந்து வந்தது என்பதற்கு இப்போது என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

லைன்மேன் குறட்டின் வரலாறு தொலைபேசியைவிட மூத்தது. 1857இல் சிகாகோவில் மத்தியாஸ் கிளைன் என்ற கொல்லரிடம் ஒரு தந்தி லைன்மேன் பாதி உடைந்த குறட்டைக் கொண்டுவந்தார் என்றும், உடைந்த பாதியைக் கிளைன் புதிதாக அடித்துப் பழைய பாதியுடன் ஆணியிட்டுப் பொருத்திக் கொடுத்தார் என்றும், பின்னர் அந்தப் பழைய பாதியும் உடைந்தபோது அதையும் செய்து கொடுத்தார் என்றும் அவர் பெயரிலான நிறுவனம் தன் தொடக்கத்தைச் சொல்கிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல்தான். கம்பத்தின் மேல் ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் வேலை செய்பவனுக்கு வெட்டவும், பிடிக்கவும், முறுக்கவும் தனித்தனிக் கருவிகள் ஒத்துவரா என்பதால், மூன்றும் ஒரே தலையில் சேர்ந்தன.

இக்கருவிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. 1955இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் டெலிபோன் போர்டில் அவர் 1968இல் கேபிள் இணைப்பாளராகச் சேர்ந்தார். இந்தத் தீவில் 1879இலேயே பென்னட் பெல் (Pell; தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற பெல் அல்லர்) என்பவர் 50 இணைப்புகளுடன் தொலைபேசி நிலையம் தொடங்கிவிட்டார் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த இணைப்புகளை அடுத்த நூறு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்த கைவேலை எப்படிப்பட்டது என்பதைப் பெரியப்பா சொல்லும்வரை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அக்காலத்து நிலத்தடிக் கேபிளில் காகிதம் சுற்றிய செப்புக் கம்பிகள் ஈய உறைக்குள் கிடக்கும். காகிதம் உலர்ந்திருக்கும் வரை பேச்சு தெளிவாகக் கேட்கும். ஈரம் ஏறினால் இரைச்சல் வரும், பக்கத்து இணைப்பின் குரலும் கலந்து விழும். சிங்கப்பூரின் மழையில், குழிக்குள் அமர்ந்து உறையைத் திறப்பவர் முதலில் அந்தக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிள்ளி உருக்கிய மெழுகில் நனைப்பாராம். மெழுகு சடசடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். அமைதியாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். கம்பிகளைச் சோடி சோடியாக முறுக்கிக் காகிதக் குழல் மாட்டி முடித்தபின், ஈயக் குழாயை மேலே இழுத்து மூடி, அதன் இரு முனைகளையும் உருகிய பற்றாசால் அடைக்க வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்றாசு உடனே உறைந்துவிடாமல், 183 பாகை செல்சியசில் முற்றிலும் இறுகும் முன்பாகச் சிறிது நேரம் களிபோல் குழைந்து நிற்கும். அந்த நேரத்துக்குள், கொழுப்பு தடவிய தடித்த துணியை உள்ளங்கையில் வைத்து, முட்டை வடிவில் வழித்துவிட வேண்டும். மடிப்பு மடிப்பாகக் கருகிய அப்படிப்பட்ட துணி ஒன்றை நான் பிரிட்டனிலிருந்து வரவழைத்தேன். உறையில் போட்டு மூடியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் ஈயம் ஊறியிருக்கிறது; கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பெரியப்பா அதைப் பார்த்ததும் மடிப்புகளைச் சுட்டிக்காட்டி, இதைப் பிடித்தவர் இடதுகைக்காரர் என்றார்.

சோதனைத் தொலைபேசியில் என்னைக் கவர்ந்தது அதன் பக்கவாட்டில் இருக்கும் சிறிய விசை. ஒரு நிலையில் அது சாதாரணத் தொலைபேசிபோல் இணைப்பைப் பிடித்து எண் சுழற்றும். மறுநிலையில் ஒரு மின்தேக்கி குறுக்கே வந்து, நிலையத்தின் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, குரலை மட்டும் கடத்தும். அதனால் யாரோ தொலைபேசியை எடுத்துவிட்டார் என்று நிலையம் எண்ணாது. லைன்மேன் அதில் காது கொடுத்து, இணைப்பில் யாரும் பேசவில்லை என்று உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்குவார். பிறர் பேச்சைக் குறுக்கே அறுக்கக் கூடாது என்ற மரியாதை ஒரு விசையாக அங்கே பொருத்தப்பட்டிருப்பதாகவே நான் கருதுகிறேன்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் நம் ஊரில், எண்ணெய் பூசாத எஃகு சில வாரங்களிலேயே செம்புள்ளி கொள்ளும். நான் இப்போது மெல்லிய எண்ணெயும் மிக நுண்ணிய எஃகு இழையும் மட்டுமே பயன்படுத்துகிறேன். முத்திரை உள்ள இடத்தில் பஞ்சைத் தவிர வேறு எதையும் தொடவிடுவதில்லை. உலர்பெட்டியை 45 விழுக்காட்டில் வைக்கிறேன். தோல் இடுப்புவார்களுக்கு அந்த அளவு உலர்வு சில நேரம் வெடிப்பைத் தரும் என்பதால் அவற்றைத் தனியாக வைத்து, மாதம் ஒருமுறை பூஞ்சை பார்க்கிறேன். பழைய இடுப்புவாரை அணிந்து யாரும் கம்பம் ஏறிப் பார்க்கவே கூடாது. வெளித்தோல் நன்றாக இருந்தாலும் தையல் உள்ளே இற்றுப்போயிருக்கும். குறட்டின் கைப்பிடியில் தோய்த்த நெகிழி உறையும் பிடிமானத்துக்கு உரியதே தவிர மின்காப்பு அன்று.

துருவையும் தேய்மானத்தையும் பிரித்தறிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. துரு, கருவி வேலையின்றிக் கிடந்த காலத்தில் சேர்ந்தது. அதை எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. தேய்மானம் அது உழைத்த காலத்தில் சேர்ந்தது. கட்டைவிரல் அழுந்திய பள்ளம், ஒரே தடிமன் கம்பியை வெட்டி வெட்டி விழுந்த பல், சுத்தியலாகப் பயன்படுத்தியதால் தட்டையான தலை ஆகியவற்றை நான் சீர்செய்வதில்லை.

சென்ற மாதம் பெரியப்பா தம்முடைய கேபிள் கத்தியை என்னிடம் கொடுத்தார். சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி அதன் அலகு என் சுண்டுவிரல் நீளத்துக்குக் குறைந்துவிட்டது. புதிதாகக் கைக்கு வந்தபோது அலகு எவ்வளவு நீளம் இருந்தது என்று கேட்டேன். அவர் மேசைமேல் இரு விரல்களை அகற்றி வைத்துக் காட்டினார். அளவுகோல் வைத்துப் பார்த்தேன், 9 சென்டிமீட்டர் இருந்தது. அந்த எண்ணையும், இப்போதைய 5 சென்டிமீட்டரையும், அவர் பணியாற்றிய ஆண்டுகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கத்தியின் பிடியில் கட்டி, எண்ணெய் பூசி, உலர்பெட்டியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.