பூ நெக்லஸ் விற்கும் கடை

"நம்ம கடைதான் கூகல்ல முதல்ல வருது, பாரு" என்று சித்தப்பா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உண்மைதான். 'மாலைக்கடை' என்று தட்டியதும் வரைபடத்தோடு உச்சியில் வந்து நின்றது. அன்றிரவு சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு அதையே நான் தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைப் பார்க்க எனக்கே பொறுமை இல்லை, வாடிக்கையாளருக்கு எங்கே இருக்கப்போகிறது?

சித்தப்பாவின் கைப்பேசி பொய் சொல்லவில்லை. அவர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில், சொந்தக் கடைக்குள் நின்று தேடினார். உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்த மூன்றைப் பார்ப்பதாகக் கூகலே சொல்கிறது: தேடும் சொல்லுக்குக் கடை பொருந்துகிறதா, தேடுபவருக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பிரபலம். கடைக்குள்ளேயே நின்றால் தூரம் பூஜ்யம். அம்மா திருத்திய பரீட்சைத்தாள் மாதிரிதான் அந்த முதலிடம்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய கடைவீட்டின் முன்னால் கூரை போட்ட நடைபாதையான ஐந்தடிப் பாதையை ஒட்டி ஓர் இடுக்கு. இரண்டு பேர் மாலை பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாமவர் சாலையில் இறங்கி நிற்க வேண்டும். எனக்கு வேலை ஜூரோங்கில், கணக்குப் பிரிவில். சனிக்கிழமைகளில் மட்டும் கடைக்குப் போய் ரசீது பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் மாதம் 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தேடலில் தளத்தை மேலே கொண்டுவருவதாகச் சொல்லும் ஒரு எஸ்.இ.ஓ நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஐந்து மாதமாக. "மூணு மாசத்துல முதல் பக்கம், கேரண்டி" என்று சொன்னார்களாம்.

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகல் தன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. சரி, என்னதான் செய்திருக்கிறார்கள் என்று அறிக்கையைப் புரட்டினேன். பக்கத்தின் மறைவான தலைப்பகுதியில் அறுபது குறிச்சொற்களைத் திணித்திருந்தார்கள். அந்தக் குறிச்சொல் பட்டியலை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகல் 2009லேயே அறிவித்துவிட்டது. அப்புறம் சோபா விற்கும் தளம், பல் வலிக்குக் குறிப்பு தரும் தளம் என்று எங்கெங்கிருந்தோ எங்களுக்கு இணைப்புகள். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய யோசனையே, ஒரு பக்கம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பை ஓட்டு மாதிரி எடுத்துக்கொள்வதுதான். அன்றிலிருந்தே ஓட்டை விலைக்கு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 2012இல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படிப்பட்ட தளங்களைக் கூகல் கீழே இறக்கியது. எங்கள் ஆட்கள் இன்னும் 2011இலேயே இருந்தார்கள் போல.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, எங்கள் முகவரியை ஒட்டிப் போட்டுத் தேடினேன். ஒரு தளத்தில் எந்தெந்தப் பக்கங்களைக் கூகல் எடுத்து வைத்திருக்கிறது என்று தோராயமாகப் பார்க்க அது ஒரு வழி. ஒன்றுகூட வரவில்லை. தளத்தைக் கட்டப் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். தளத்தைக் கட்டிய பையன், வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாமென்று வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறான். சித்தப்பாவின் கைப்பேசியில் வந்தது கூகல் வரைபடத்தில் இருக்கும் கடைப் பதிவு, அது தனி. தளம் உலகத்துக்கே தெரியாமல் இருந்தது. கதவைப் பூட்டி வைத்துவிட்டு ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்த கல்யாணம். ஐந்து மாதம், 1,900 வெள்ளி. சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

டிக்கை எடுத்தேன். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகல் தரும் சர்ச் கன்சோலில் தளம் நம்முடையதுதான் என்று நிரூபித்து, பக்கங்களின் பட்டியலான தளவரைபடத்தைக் கொடுத்தேன். இலவசம்தான். பத்து நாளில் பக்கங்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கின.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஆளுக்கொரு தே ஓ (பாலில்லாத் தேநீர்) வைத்துக்கொண்டு, எந்தச் சொற்களைத் தேடும்போது எங்கள் தளம் காட்டப்பட்டது என்ற பட்டியலைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் தளத்தின் தலைப்பு ஆங்கில எழுத்தில் 'மாலை', அதாவது 'Malai'. ஆங்கில எழுத்தில் அது மாலையா, மலையா, சாயங்காலமா என்று யாருக்குத் தெரியும்? இந்திக்காரர்களுக்கு அது பாலாடை. பாலாடை போட்டுச் செய்யும் 'மலாய் கோஃப்தா' கறியைத் தேடியவர்களுக்கெல்லாம் எங்கள் ரோஜா மாலையைக் காட்டியிருக்கிறது. யாரும் கிளிக் செய்யவில்லை, பாவம்.

கொஞ்சம் கீழே போனால், 'இண்டியன் ஃபிளவர் நெக்லஸ் சிங்கப்பூர்'.

"நெக்லஸா?" சித்தப்பா நாரைக் கீழே வைத்துவிட்டார். "நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன்?"

அலுவலக விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கு மாலை போட வேண்டும் என்று யாரோ ஒரு சீன நண்பருக்குப் பொறுப்பு கொடுத்திருப்பார்கள். அவருக்கு அந்தப் பொருளின் பெயர் தெரியாது. பார்த்ததை வைத்துத் தட்டுகிறார். நாங்களோ 'பாரம்பரியமிக்க புஷ்ப அலங்கார சேவை' என்று எழுதி வைத்திருக்கிறோம். இந்த 40 வருடத்தில் ஒருவராவது சித்தப்பாவிடம் வந்து "அண்ணே, ஒரு பாரம்பரியமிக்க புஷ்ப அலங்காரம் கொடுங்க" என்று கேட்டிருப்பாரா?

கேட்பவர்கள் என்னதான் கேட்கிறார்கள் என்பது கடையிலேயே இருந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில், நூலில் கட்டித் தொங்கவிட்ட நோட்டுப் புத்தகம். யார் கூப்பிட்டாலும் சித்தப்பா அதில் கிறுக்கி வைப்பார். நான்கு மாதப் பக்கங்களைப் புரட்டினேன். பாதிக்கு மேல் 'ஆர்.ஓ.எம் மாலை ஒரு ஜோடி'. ஆர்.ஓ.எம் என்பது திருமணப் பதிவகத்தின் ஆங்கிலச் சுருக்கம். பதிவுத் திருமணம் என்று யாருமே சொல்லவில்லை. எங்கள் தளத்திலோ ஆர்.ஓ.எம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

அதற்கென்று தனிப் பக்கம் எழுதினேன். ஜோடி என்ன விலை, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எவ்வளவு கனம் இருக்கும், காலையில் எத்தனை மணிக்கு வாங்கிக்கொள்ளலாம். நோட்டில் ஒரு பெண் வெள்ளை கவுனுக்கு எந்த மாலை என்று கேட்டிருந்தாள். சித்தப்பா சொன்ன பதில் அப்படியே பக்கத்தில் இருக்கிறது: சாட்டின் துணியில் தண்ணீர் பட்டால் தடம் தெரியும், அதனால் பன்னீர் தெளிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; சிவப்பு ரோஜா நசுங்கினால் சாயம் இறங்கும், வெளிர் நிறம் கேளுங்கள். எந்த எஸ்.இ.ஓ நிறுவனம் இதை எழுதித் தரும்? விருந்தினர் மாலைக்கு இன்னொரு பக்கம். அதில் 'நெக்லஸ் என்று சிலர் சொல்லும் பூமாலை' என்று ஒரு வரியைச் சித்தப்பாவிடம் கெஞ்சி வாங்கிச் சேர்த்தேன்.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியல் ஒரே படமாக இருந்தது, எழுத்தாக மாற்றினேன். மாலைப் படங்கள் ஒவ்வொன்றும் 6 எம்.பி; எம்.ஆர்.டி ரயிலில் போகும்போது திறந்தால் டோபி காட் நிலையம் வந்துவிடும், மாலை வராது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகலின் அளவுகோல். படங்களைச் சுருக்கியதில் அதற்குள் வந்துவிட்டது. எங்கள் தமிழ்ப் பக்கம் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் இல்லாமல் ஏதோ பழைய எழுத்துருவில் இருந்தது. கூகலுக்கு அது வெறும் கிறுக்கல். இணையத் தமிழின் முன்னோடி நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊர், 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர், அதில் இப்படி ஒரு பக்கமா என்று வெட்கமாக இருந்தது. ஓர் இரவு உட்கார்ந்து முழுவதையும் திரும்பத் தட்டினேன்.

வரைபடப் பதிவில் சண்டையே நடந்தது. அஞ்சு நட்சத்திரம் போடுகிறவர்களுக்கு ஒரு முழம் மல்லிகை இலவசம் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார் சித்தப்பா. பரிசு கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகல் விதிக்கு விரோதம், பதிவுக்கே ஆபத்து என்றேன். "பூ கொடுக்கிறது லஞ்சமா?" என்று இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. அட்டையைக் கழற்றிவிட்டார். மல்லிகையை இன்னும் சும்மா கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், விமர்சனம் எழுதாதவர்களுக்கும்.

இப்போது ஆர்.ஓ.எம் மாலை என்று ஆங்கிலத்தில் தேடினால் ஈசூன் சோபாவிலும் முதல் பக்கத்தில் வருகிறோம், நான்காவதோ ஐந்தாவதோ. நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மாலை என்ற ஒற்றைச் சொல்லில் பாலாடையை ஜெயிக்க முடியவில்லை. அதை விட்டுவிட்டேன்.

போன வாரம் பட்டியலில் புதிதாக ஒன்று: 'பூமாலையை ராத்திரி முழுக்க எப்படி வாடாமல் வைப்பது'. அடுத்த பக்கம் இதுதான் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். மாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வாழை இலையில சுத்தி, ஃபிரிட்ஜுல கீழ்த் தட்டுல வைக்கச் சொல்லு. ஃபிரீசர்ல வச்சுடப்போறாங்க, அதையும் எழுது." நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பூ கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"டுரியான் பழம் இருக்கிற ஃபிரிட்ஜுன்னா வேணாம், வாடை ஏறிடும். அதை முதல் வரியிலேயே போடு."