ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பூர்க் கம்பெனிகளில் சனிக்கிழமை மாலை சம்பளம் போட்டு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடுவது வழக்கம் என்பதால், ஊரிலுள்ள பெண்களுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது அந்த ஒரு நாளில்தான். அன்றும் துணி துவைத்து, கறிக்குழம்பு வைத்து, வீட்டிலுள்ளவர்களைச் சாப்பிட வைத்து முடிப்பதற்குள் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். அதன் பிறகு ஐந்து பேர், சில வாரங்களில் ஏழு பேர், எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், பாய் விரித்து அமர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறோம். மூன்று ஆண்டுகளாக இது நடந்து வருகிறது.

வாரம் முழுவதும் துணியோடு மல்லுக்கட்டியவர்கள் விடுமுறை நாளிலும் துணியைத் தேடி வருவார்களா என்று என் கணவர் முதலில் வியந்தார். வருவதற்குக் காரணம் இருக்கிறது. எங்களோடு அமரும் அக்கா ஒருவர் பவர் டேபிளில், அதாவது மின்விசையில் ஓடும் தையல் மேசையில், வேலை செய்கிறார். காலை முதல் இரவு வரை பனியனின் தோள்பட்டையை மட்டும் மூட்டுவது அவர் வேலை. கழுத்துப் பட்டியை இன்னொருவர் வைப்பார், கையை வேறொருவர் சேர்ப்பார், அடிமடிப்பு மற்றொரு மேசையில் நடக்கும். பதினெட்டு ஆண்டுகளாகத் தைத்தும், ஒரு பொருளை முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சு வரை தம் கையாலேயே செய்து முடித்ததில்லை என்று அவர் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் போர்வை முடிந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு, எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு வர வேண்டும் என்று தாமே முடிவு செய்த இடங்களையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

துணிக்கு எங்கள் பகுதியில் பஞ்சமே இல்லை. பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துண்டுகள் கிலோக் கணக்கில் விலைபோகின்றன; மெக்கானிக் கடைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படும் ‘பனியன் வேஸ்ட்’ அதுதான். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் வாரச்சந்தையில் கட்பீஸ் மூட்டைகளைக் கிளறினால், நிறம் வேண்டும் என்று கேட்டு வாய் மூடுவதற்குள் கை நிறைந்துவிடும். இருந்தும், புதுத்துணியை முழுதாக வாங்கி வந்து அதைத் துண்டுகளாக நறுக்கி ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் செய்வோர் அழகாகவே செய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையில் நாமாகத் தேர்ந்தெடுத்த பத்து நிறங்கள் ஒன்றோடொன்று ஏற்கெனவே இணக்கமாகவே இருக்கும். வீடுவீடாக வந்து சேரும் துணியிலோ, மகனின் பள்ளிச் சீருடைக் காக்கியும், மாமியாரின் சுங்குடியும், கட்டம் போட்ட லுங்கியும், யாரோ ஒருத்தியின் வளைகாப்பு ரவிக்கையும் ஒரே இடத்தில் முட்டி மோதும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அமர வைப்பதற்குள் மூளையும் கண்ணும் படும் பாட்டில்தான் இந்தக் கலையின் முழு இன்பமும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் இரண்டு பெரிய தவறுகள் செய்தோம். கிடைத்ததையெல்லாம் சேர்க்கலாம் என்ற ஆசையில் பனியன் துணியையும் தறித்துணியையும் ஒன்றாகத் தைத்தது முதல் தவறு. தறித்துணி பாவும் ஊடுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது; இழுத்தால் அவ்வளவாக நீளாது, வெட்டிய ஓரத்தில் பிசிறு விடும். பனியன் துணி ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்து வந்தது. பிசிறு விடாது, ஆனால் இழுத்த பக்கமெல்லாம் வரும், வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். இரண்டையும் சேர்த்த போர்வை நான்கே நாளில் நடுவில் தொய்ந்து, ஓரத்தில் இழுத்துக்கொண்டு, கிழங்கு மூட்டை போல ஆகிவிட்டது. இப்போது இரண்டையும் தனித்தனி மூட்டையாக வைத்திருக்கிறோம். அடித்துணிக்காக வாங்கிய காடாத்துணியை நனைக்காமல் தைத்தது இரண்டாவது தவறு. தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி போகும்போது துணியும் சுருங்கும் என்பது, விசைத்தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கே அன்று தோன்றாமல் போயிற்று. முதல் சலவையில் அடித்துணி உள்ளே இழுக்க, மேல்துணி முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. இப்போது எந்தத் துணி வந்தாலும் ஓர் இரவு தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகுதான் கத்தரியைக் காண்கிறது.

கத்தரிக்கும் கணக்குக்கும் உள்ள உறவை இந்த வேலையில்தான் உணர்ந்தேன். திருமண அழைப்பிதழ் அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் வெட்டி, அதை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டுகிறோம். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம், அதாவது தச்சர்கள் சொல்லும் கணக்கில் இரண்டு நூல், மூட்டுக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் சதுரம் நாலரை அங்குலம். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு துண்டுகள், பதினாறு வரிசைகள், மொத்தம் 192 துண்டுகள் சேர்ந்தால் நாலரை அடி அகலமும் ஆறடி நீளமும் வரும். இரண்டு நூல் விட வேண்டிய இடத்தில் ஒருத்தி இரண்டரை நூல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு மூட்டில் இரு பக்கமும் சேர்ந்து ஒரு நூல் குறையும். பதினொரு மூட்டுகளில் பதினொரு நூல், ஒன்றே கால் அங்குலத்துக்கும் மேலே போய்விடும். பிறகு அவளுடைய வரிசை மற்றவளுடைய வரிசையோடு மூலைக்கு மூலை பொருந்தாது. அதனால் தைக்கத் தொடங்கும் முன் எல்லோரும் ஒரே அட்டையை வைத்து ஒரு மாதிரித் துண்டு தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துக்கொள்கிறோம். கணக்கு ஆசிரியையாக முப்பத்தோராண்டு பணியாற்றியவள் என்பதால் இந்தப் பொறுப்பை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நிறம் அமைப்பதில் தலைமை என்னுடையதன்று. நிறத்தின் பெயரைவிட அது அடர்த்தியா வெளிறா என்பதுதான் கோலத்தை எழுப்புகிறது என்பதைச் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி எங்களுக்குக் காட்டினாள்; அவளை அம்முணி என்றே அழைப்போம். துண்டுகளைத் தரையில் பரப்பி, பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வாள். அப்படிப் பார்க்கும்போது சிவப்பும் நீலமும் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். பிழையான துண்டு எதுவென்று அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

அமெரிக்கப் பெண்களிடையே ‘லாக் கேபின்’ என்றொரு பழைய அமைப்பு உண்டு. நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி நீளப் பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போவது. அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர் நிறம், மற்ற இரண்டு பக்கம் அடர் நிறம். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது அங்கே வழக்கம். அது வீட்டு அடுப்பின் நெருப்பு என்பார்கள். நான் அப்படியே தைத்து விரித்தபோது, பவர் டேபிள் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “டீச்சர், இது எங்க தோட்டத்துக் கெணத்தக் குனிஞ்சு பாத்த மாதிரியே இருக்குதுங்க” என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பாறையை உடைத்துச் சதுரமாகத் தோண்டிய எங்கள் ஊர்க் கிணற்றில் பிற்பகல் வெயில் சாயும்போது, இரண்டு சுவர்களில் வெளிச்சமும் இரண்டு சுவர்களில் நிழலுமாக, உள்ளே போகப்போகச் சிறுத்துக்கொண்டே இறங்கும். “அப்படீன்னா நடுவுல செவப்பு எதுக்குங்க, தண்ணிதானுங்க இருக்கோணும்” என்று அம்முணி சொன்னாள். அன்றே சிவப்புச் சதுரத்தைப் பிரித்து எடுத்துவிட்டுப் பாசிப் பச்சை வைத்தோம். அந்த அமைப்புக்கு எங்களிடையே கிணறு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் காற்றுக்கும் வெயிலுக்கும் தடித்த பஞ்சு அடைத்த மெத்தைப் போர்வை ஒத்துவராது. நடுவில் என்ன வைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்த வேளையில்தான், பக்கத்துக் காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கும் பீகாரைச் சேர்ந்த பெண் வந்து சேர்ந்தாள். கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியில் வேலை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளை “வா கண்ணு, உக்காரு” என்று அழைத்தோம். தமிழில் அப்போது அவளுக்குப் பத்துச் சொல் தெரியும். அவள் உள்ளே வந்து, பழைய பருத்திச் சேலைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவி, நான்கு மூலையிலும் ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத்தையல் போடத் தொடங்கினாள். ஊசியைத் துணியில் நிறுத்தி, துணியை ஊசிமேல் அலையலையாக ஏற்றி, ஒரே இழுப்பில் ஆறு தையல்களை எடுத்தாள். நாங்கள் வாயடைத்துப் போனோம். அவள் ஊரில் அதற்கு சுஜனி என்று பெயர். பிறந்த குழந்தைக்காகப் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பது அங்கே வழிவழியாக வரும் பழக்கம். எங்கள் போர்வைகளுக்கு நடுத்துணி என்பது அன்றிலிருந்து பழஞ்சேலைதான். இலேசாக இருக்கிறது, துவைத்தால் ஒரே வெயிலில் காய்ந்துவிடுகிறது.

வங்காளத்தில் இதே வேலையைக் காந்தா என்கிறார்கள். நம் ‘கந்தை’யும் அந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கர்நாடகத்தில் கௌதி, மகாராட்டிரத்தில் கோதடி என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த உடைகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் மாட்டப்பட்டன. 2006-இல் அஞ்சல்தலைகளாகவும் வந்தன. அந்தப் படங்களை எங்கள் குழுவுக்குக் காட்டியபோது, முழங்கால் தேய்ந்து நிறம் வெளுத்த இடத்தையே வெளிர் நிறமாகப் பயன்படுத்தியிருந்த ஒரு போர்வையை எல்லோரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு லுங்கியின் வெளுத்த பகுதியை யாரும் ஒதுக்கி எறிவதில்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் ஊசி இருக்கும்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, நேருக்கு நேர் கேட்டால் வராத பேச்சு வருகிறது. சீட்டுப் பணம், மருமகளின் கோபம், கர்ப்பப்பையை எடுக்கச் சொன்ன டாக்டர் என்று ஒவ்வொன்றும் தலை நிமிராமலேயே சொல்லப்பட்டு, தலை நிமிராமலேயே கேட்கப்படுகிறது. இடையில், நூல் வெட்டும் சிறு கத்தரியைக் கேட்டு, “அந்த டிரிம்மரை இப்படித் தாங்க” என்ற ஒரு சொல் வந்து, சொல்பவளுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறது. கணவரை இழந்த ஓர் அக்கா அவருடைய சட்டைகளைக் கொண்டுவந்து பையிலேயே நான்கு மாதம் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எடுத்து விரித்து, சட்டைப்பையை மட்டும் வெட்டக்கூடாது என்றார். சட்டைப்பையோடு கூடிய அந்தத் துண்டு இப்போது அவருடைய போர்வையின் மேல்மூலையில் இருக்கிறது; இரவில் கண்ணாடியைக் கழற்றி அதில்தான் வைக்கிறாராம்.

இப்போது கையில் இருப்பது பீகார்ப் பெண்ணின் குழந்தைக்கான போர்வை. பங்குனியில் பேறுகாலம். நான்கு கிணறுகள் கொண்ட சிறிய அமைப்பு. வெளிர்ப் பக்கத்துக்கு என் பழைய பள்ளிச் சேலைகள், அடர்ப் பக்கத்துக்கு எல்லோர் வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு. நடுத் தண்ணீருக்கு அம்முணி தன் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், பச்சைச் சேலையைத் தந்திருக்கிறாள். நிறம் அவ்வளவு பொருத்தம். ஆனால் ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார்த்தால் இன்னும் சாயம் விடுகிறது. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் துணி என்பதால் இதில் சமாதானம் செய்துகொள்ள முடியாது. நேற்று மூன்றாம் முறையாக ஊற வைத்தேன். முதல் நாளைப் போல இல்லை, தண்ணீர் இலேசான இளம்பச்சையாகத்தான் இருந்தது. இன்று மீண்டும் ஒரு வாளி நிரப்பி வைத்திருக்கிறேன்.