17-ஆம் முனை

மார்ச் 3

17 மறுபடியும் அணைந்துவிட்டது.

மார்ச் 4

பேட்டரியைக் கழற்றி அளந்தேன். 35 நாளில் வற்றிவிட்டது. மற்ற 22 முனைகளும் (எல்லாம் ரேடியோவில் பேசும் சிறு உணரிக் கருவிகள்) தெம்பாக இருக்கின்றன. சேகரிப்பு முனைக்குப் பக்கத்தில் இருந்தாலாவது ஊரார் தரவையெல்லாம் சுமந்து களைத்தது எனலாம். இது மாடிப்படித் திருப்பத்தில் தனியாகக் கிடக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைச் சொல்வதைத் தவிர வேறு வேலை கிடையாது.

தம்பி அழைக்கவில்லை.

மார்ச் 6

தூக்கம் வராததால் கணக்குப் போட்டேன். எங்கள் முனைகளில் உள்ள சிசி2420 ரேடியோ முழு வலுவில் பேசும்போது 17.4 மில்லிஆம்பியர் எடுக்கிறது, கேட்கும்போது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம். யாருமே பேசாத வெறும் காற்றைக் கேட்டாலும் அதே 18.8 தான். இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாள்கூடத் தாங்காது. கண்ணயர விட்டால் ஒழிய ஒரு முனையும் பிழைக்காது.

மார்ச் 7

போனைச் சத்தம் கூட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

ஒட்டுக்கேட்கிறது. அதுதான் என் ஊகம். படித்திருப்பத்தில் இரண்டு தளத்துப் பேச்சும் விழும். முனைகள் எப்போது தூங்கலாம், எப்போது பேசலாம் என்று சொல்லும் நெறிமுறைகளில் ஒன்று, 2004-இல் வந்த பி-மேக். அதில் அனுப்புபவர் செய்திக்கு முன்னால் நீளமாக ஒரு பிரியாம்பிளை, அதாவது முன்னறிவிப்பு ஒலியை, இழுப்பார். அது கேட்பவரின் தூக்க இடைவெளியைவிடக் குறையக் கூடாது. பாதியில் விழித்தவர்கள் எல்லாரும் கடைசிவரை காத்திருந்து, அது தமக்கானதல்ல என்று தெரிந்தபின்தான் மீண்டும் தூங்கப் போக வேண்டும். 2006-இல் எக்ஸ்-மேக் அந்த நீளத்தைத் துண்டுதுண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் பெறுநரின் முகவரியை எழுதியது. உரியவர் இடையிலேயே ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லலாம். மற்றவர்கள் உடனே திரும்பிப் படுக்கலாம். எவ்வளவு எளிய யோசனை! பொறாமையாக இருக்கிறது.

பேராசிரியர் எஸ்-மேக் என்ற இன்னொரு நெறிமுறையைப் பார்க்கச் சொல்கிறார். 2002-இன் சரக்கு. எல்லாரையும் ஒரே மணியடித்து எழுப்பி, ஒரே மணியடித்துத் தூங்கவைக்கும் விடுதி அது. இரண்டு அட்டவணைகளின் எல்லையில் மாட்டிக்கொண்ட முனை இரண்டு மணிக்கும் எழ வேண்டும். கடிகாரங்களும் ஒத்துப்போகாது: இரண்டு படிகங்கள் எதிரெதிர்த் திசையில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு விலகினால் ஒரே நாளில் மூன்றரை வினாடி இடைவெளி விழுந்துவிடும். அடிக்கடி நேரம் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது.

மார்ச் 12

மூன்று நாளாக எல்லா முனைகளிலும் எக்ஸ்-மேக். 17-இன் ரேடியோ விழித்திருந்த நேரம் 16 சதவீதத்திலிருந்து 15. மற்றவை ஒன்றரை. ஊகம் மண்ணைக் கவ்வியது.

மார்ச் 13

தம்பி அழைத்தான். நாளை மறுநாள்தான் சொல்வார்களாம். அம்மா பேசவில்லை, பக்கத்தில்தான் இருந்தாளாம்.

மார்ச் 14

நேற்றிரவு முழுக்க 17-இன் ஒவ்வொரு விழிப்பையும் பதிவு செய்தேன். அரை வினாடிக்கொருமுறை எழுகிறது, காற்றில் ஏதோ சலனம் தெரிகிறது, நூறு மில்லிவினாடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒன்றும் வராமல் படுக்கிறது. விடியும்வரை இதே கதை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஆயிரக்கணக்கான முறை எழுந்திருக்கிறது, பாவம்.

படியேறிப் போய் அண்ணாந்து பார்த்தேன். அதன் தலைக்கு நேர்மேலே வைஃபை பெட்டி. ஆறாம் சேனலில் இயங்குகிறது. நாங்கள் இருப்பது 18-இல், ஆனால் எங்கள் ரேடியோக்களின் எண்வரிசை வேறு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. காற்றில் ஆற்றல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற காதுக்கு, அது யாருடைய குரல் என்று எப்படித் தெரியும்? ஒரு மாதமாக நெறிமுறையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

26-ஆம் சேனல் 2480 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் பதினோராம் சேனல்கூட அதுவரை எட்டாது.

மார்ச் 15

காலை 6:10. எல்லாவற்றையும் 26-க்கு மாற்றி ஏழு மணி நேரம் ஆகிறது. 17: 1.6 சதவீதம். இரண்டு முறை பார்த்தேன். 1.6 தான்.

9-ஐக் காணவில்லை. பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. பழைய சேனலிலேயே இரவெல்லாம் முகவரியைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கும். கேட்க அங்கே யாருமில்லை. அதை இறக்க ஏணி வேண்டும்.

தம்பி மூன்று முறை அழைத்திருக்கிறான். நான் படிக்கட்டில் இருந்தேன்.